வாசலில் நிற்க ஒருத்தி

அவிநாசி,
18.3.2025

கனகத்துக்கு,

உன் அக்கா ரங்கநாயகி எழுதுவது. நம் வீட்டில் பேசுவது பாதித் தெலுங்கு என்றாலும் நமக்கு எழுத வந்தது தமிழ்தான். அதனால் திட்டுவதையும் தமிழிலேயே திட்டுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன அன்றைக்குப் போனை அணைத்தவள் இன்னும் போடவில்லை. உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் பட்டறை இரைச்சலுக்கு நடுவில், "அவ யாருகூடவும் பேசமாட்டேங்கறாளுங்க்கா, நான் என்ன பண்ணட்டும்?" என்று சொல்லி வைத்துவிடுகிறார். வேறு வழியில்லாமல் தபால் ஆபீசுக்குப் போய் உள்நாட்டுக் கடிதம் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்குங்கம்மா, கோர்ட்டுக்குங்களா?" என்று கேட்டாள். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

உன் கோபம் எதனால் என்று தெரியும். ஆஸ்பத்திரியில் எல்லோர் முன்னாலும், "உன்னைய யாரு கேட்டைத் தொறந்துக்கிட்டுப் போகச் சொன்னா?" என்று கேட்டுவிட்டேன். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். நான் கேட்டது தப்பில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். மத்தியான வேளை, தெருவில் ஈ காக்கை இல்லை. பைக்கில் இரண்டு பேர் வருகிறார்கள். வண்டியில் இருப்பவன் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. இன்னொருத்தன் இறங்கி வந்து குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். நீயும் சொம்பை எடுத்துக்கொண்டு, கேட்டைத் திறந்து, தாலிக்கொடி வெளியே தொங்க அவனுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறாய். டிவியில் தினமும் இதைத்தானே காட்டுகிறார்கள்? நானே உனக்கு எத்தனை வீடியோ அனுப்பியிருக்கிறேன்! எல்லாவற்றுக்கும் கை கூப்புகிற பொம்மையைத் திருப்பி அனுப்பினாயே, ஒன்றையாவது பார்த்தாயா?

உன் முழங்கைக் கட்டையும் கழுத்தில் கொடி அறுத்த காயத்தையும் பார்த்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. வயிறு எரிகிறவள் பன்னீர் தெளித்தா பேசுவாள்?

நவ்யாவுக்கு வைகாசிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். கல்யாணப் பெண்ணுக்குச் சித்தி என்று இருப்பது நீ ஒருத்திதான். சேலை எடுக்கப் போக வேண்டும். போனைப் போடு.

ரங்கநாயகி

*

பெரியநாயக்கன்பாளையம்,
26.3.2025

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. அடிபட்டது இடது கை என்பதால் எழுத முடிகிறது.

போனை ஏன் அணைத்தேன் என்று சொல்கிறேன். கூப்பிடுகிறவர்களின் முதல் கேள்வி, "எத்தன பவுனு?" அடுத்தது, "எதுக்குக் கேட்டைத் தொறந்தே?" மூன்றாவதாக யாராவது, "வலிக்குதா கண்ணு?" என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். அதற்குள் அவரவர் வீட்டில் என்ன பூட்டு, எத்தனை தாழ்ப்பாள் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று.

ஸ்டேஷனில் எழுதிக்கொண்டவர் தன்மையானவர்தான். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். எல்லாம் எழுதி முடித்துவிட்டு, "வெளிய வர்றப்ப சேலையால மூடிக்கிட்டு வந்திருக்கலாமுங்களே அம்மா?" என்றார். என் வீட்டு வாசல் எனக்கு எப்போதிலிருந்து வெளியே ஆனது அக்கா?

நம் பக்கத்தில் தண்ணீர் கேட்டவருக்கு இல்லையென்று யாராவது சொல்லி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சிலிண்டர் கொண்டுவருகிறவர், கரண்ட் ரீடிங் எடுக்கிறவர், கூரியர் கொண்டுவரும் பெண், எல்லோரும் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற வாசல் இது. பூட்டிய கேட்டுக்கு மேலே சொம்பை நீட்டுவது ஒரு மனிதருக்குக் கொடுக்கிற மாதிரியா இருக்கும்? அவன் வந்து, "ஏனுங்க அம்மணி, குடிக்கத் தண்ணி கெடைக்குங்களா?" என்றுதான் கேட்டான். நம்மூர்ப் பேச்சு. வெயிலில் முகம் கறுத்திருந்தது. வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் கத்துகிற ஆள் இல்லை. "எத்தன வாட்டி சொன்னேன்," என்று ஒரே ஒரு தரம் சொன்னார். அப்புறம் கேட் முழுக்கத் தகரம் அடித்தார், கேமரா மாட்டினார். இப்போது தெருவே தெரிவதில்லை. நேற்று சாப்பிட வந்து ஹாரன் அடித்தார். "யாரு?" என்றேன். "உன்ர புருசன்," என்றார். அப்போதும் கேமராவில் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன். தபால்காரர் முன்பெல்லாம் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். உங்கள் கடிதத்தைத் தகரத்துக்கு மேலே வீசிவிட்டுப் போனார். செம்பருத்திச் செடிக்குள் கிடந்ததை எடுத்தேன்.

கல்யாணத்துக்கு வருவேனா என்று தெரியவில்லை. கழுத்தில் மஞ்சள் கயிறோடு மண்டபம் முழுக்க ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு என்னால் நிற்க முடியாது.

கனகம்

*

அவிநாசி,
4.4.2025

கனகம்,

நீ எழுதியதைப் படித்து உன் மாமா ஒரு நேரம் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு உனக்குப் பதில் எழுதுகிறேன்.

திருடனை நான் நல்லவன் என்று சொன்னேனா? அவன் கையில் புழு வைக்கட்டும். ஆனால் அவனைத் தேடிப்பிடித்துப் புத்தி சொல்ல என்னால் முடியாது. உனக்குத்தான் சொல்ல முடியும். லாரி தாறுமாறாக வந்தால் தப்பு டிரைவர் மேல்தான். அதற்காக நாம் ரோட்டில் பார்க்காமல் இறங்குவோமா? அடிபட்ட பிறகு தப்பு யார்மேல் என்று பேசி என்ன பிரயோஜனம்? நீ உயிரோடு இருக்க வேண்டும் எனக்கு. கொடி அறாமல் இருந்திருந்தால் அவன் உன்னை ரோட்டில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருப்பான்.

நான் இங்கே எப்படி இருக்கிறேன் தெரியுமா? மாமா நூல் கடைக்குக் கிளம்பியதும் கிரில்லைப் பூட்டிவிடுவேன். கொடியை ஜாக்கெட்டோடு சேர்த்து ஊக்குக் குத்தியிருக்கிறேன். யார் வந்தாலும் ஜன்னல் வழியாகத்தான் பேச்சு. நவ்யா என்னை ஜெயிலர் என்கிறாள். என்னவோ சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்று. சொல்லாமல் விட்டால் வேறு யாராவது கூட்டிக் குறைத்து உன் காதில் போடுவார்கள். மாப்பிள்ளை சசிதரின் அம்மா, அதுதான் சம்பந்தியம்மா, போனில் பேசினார். உனக்கு நடந்ததைக் கேட்டு அய்யோ பாவம் என்றார். கடைசியில், "தாலி போன கழுத்துங்க. தொறந்துவிட்டுத் தானே வரவழைச்சுக்கிட்டது. அவங்க மேடையில முன்னுக்கு நிக்காம பாத்துக்கிட்டா நல்லதுங்க," என்றார். நான், "பாக்கலாமுங்க," என்று சொல்லி வைத்தேன். பெண்ணைக் கொடுக்கிற இடம், வேறென்ன சொல்வது? நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

ரங்கநாயகி

*

பெரியநாயக்கன்பாளையம்,
15.4.2025

அக்காவுக்கு,

மனதில் வைத்துக்கொள்ளாதே என்று எழுதினால் வைக்காமல் இருந்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள். சம்பந்தியம்மாவை எனக்கு யாரென்று தெரியாது, அவர் சொன்னதை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டேன். நீங்கள் சொன்ன "பாக்கலாமுங்க" என்ற ஒரு வார்த்தைதான் நெஞ்சில் நின்று அறுக்கிறது. நீங்கள் எப்பேர்ப்பட்ட வாய்க்காரர்! பஸ்ஸில் சில்லறைக்குக் கண்டக்டரிடம் சண்டை போட்டு அவிநாசி வரை வந்தவர். எனக்காக ஒரு வரி உங்களுக்கு வரவில்லை.

என் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். அவரே கோவிலில் வைத்துக் கட்டிய மஞ்சள் கயிறு இது. இதில் என்ன குறை என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் ஜாக்கிரதையாக இருப்பதை நான் குறை சொல்லவில்லை. நானும் இப்போது பூட்டித்தான் வைத்திருக்கிறேன். யாராவது முன்னாடியே, "கனகம், இப்படி ஒரு கூட்டம் சுத்துது, பாத்து இரு," என்று சொன்னால் அது அக்கறை. நீங்கள் அனுப்பிய வீடியோக்களும் அக்கறைதான், பார்க்காதது என் சோம்பேறித்தனம். அடிபட்டுக் கிடக்கிறவள் தலைமாட்டில் நின்று அதையே கேட்டால் அதற்குப் பெயர் வேறு. லாரி உதாரணம் சொன்னீர்களே, அடிபட்டவனைத் தூக்குவதற்கு முன்னால் எதற்கு ரோட்டில் இறங்கினாய் என்று யாராவது கேட்பார்களா?

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. நவ்யாவுக்கு எடுத்து வைத்திருக்கும் சேலையை இவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். மேடையில் முன்னால் யார் நிற்பது, பின்னால் யார் நிற்பது என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

கனகம்

*

அவிநாசி,
11.5.2025

கனகத்துக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குத் திட்டிக்கொள். இப்போது எழுத ஒரு காரணம் வந்திருக்கிறது. படித்தால் நீ சிரிப்பாய். சிரி, பரவாயில்லை.

தேர்த் திருவிழாவுக்கு ஊர் முழுக்க ஜனம். மாமாவும் நவ்யாவும் தேர் பார்க்கப் போய்விட்டார்கள். நான் கிரில்லைப் பூட்டிக்கொண்டு தனியாக இருந்தேன். உச்சி வெயிலில் ஒரு வயதான அம்மா வந்து கேட்டைத் தட்டினார். "அம்மணி, ஒரு வாய் தண்ணி குடுங்க, தலை சுத்துது," என்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. அவ்வளவுதான், எனக்கு எல்லா வீடியோவும் ஞாபகம் வந்துவிட்டது. "தண்ணி வரலைங்க, பக்கத்தூட்டுல கேளுங்க," என்றேன்.

அவர் போகாமல், "நான் சசிதரோட பெரியத்தைங்க. தேருக்கு வந்தேன், அப்பிடியே பொண்ணைப் பாத்துட்டுப் போலாம்னு," என்றார். சொந்தக்காரர் என்று சொல்லிக்கொண்டு வருகிற கூட்டத்தைப் பற்றி ஒரு வீடியோ உண்டு, உனக்குக்கூட அனுப்பினேன். "இப்பிடிச் சொல்லிக்கிட்டு வர்றவங்களை நாங்க நெறையப் பாத்துட்டோமுங்க," என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன்.

நிஜமாகவே அவர் மாப்பிள்ளையின் பெரியத்தைதான். பக்கத்து வீட்டில் போய்த் தண்ணீர் குடித்து, அங்கேயே மயக்கமாகப் படுத்திருந்துவிட்டுப் போயிருக்கிறார்.

மறுநாள் சம்பந்தியம்மா போன். "தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காத ஊட்டுலயாங்க நாங்க பொண்ணெடுக்கறோம்?" மாமாவோ, "ஆளைப் பாத்தா தெரியாதா உனக்கு?" என்கிறார். நவ்யா அழுகிறாள். பக்கத்து வீட்டுக்காரி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதே பக்கத்து வீட்டுக்காரிதான் உன் சங்கதியைக் கேட்டு, "இந்தக் காலத்துல யாராவது கேட்டைத் தொறப்பாங்களா?" என்றவள்.

கனகம், நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆளைப் பார்த்தால் தெரியாதா என்கிறார்களே, எப்படித் தெரியும்? உன்னிடம் வந்தவனும் வெயிலில் கறுத்த முகத்தோடுதான் வந்தான். திறந்தால் எதற்குத் திறந்தாய், திறக்காவிட்டால் எதற்குத் திறக்கவில்லை. வாசலில் நிற்பவள் பெண்ணாக இருந்தால் போதும்போல, குற்றம் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது.

அன்றைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அந்தம்மாவின் முகம் இல்லை, உன் கழுத்துக் காயம்தான் கண்ணில் நின்றது. அப்போதுதான் எனக்கே புரிந்தது. நடந்தது உன் தப்பு என்று ஆகிவிட்டால், தப்புச் செய்யாத எனக்கு அது நடக்காது. அந்தத் தைரியத்துக்காகத்தான் உன்னைத் திரும்பத் திரும்பக் குற்றம் சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகாது என்று உனக்கே எழுதினேனே, எவ்வளவு திமிர்!

வலிக்குதா கண்ணு? இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அக்கா

*

பெரியநாயக்கன்பாளையம்,
16.5.2025

அக்காவுக்கு,

சிரித்தேன். "தண்ணி வரலைங்க" என்ற இடத்தில் சத்தம் போட்டே சிரித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து என் கையிலிருந்து கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு அவரும் சிரித்தார். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆயிற்று. அந்தம்மாவுக்கு உடம்பு தேவலையா? அவர் மயங்கியதற்குச் சிரிக்கவில்லை என்று சொல்லுங்கள்.

நீங்கள் திறக்காததைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன். பயந்த மனுஷி வேறென்ன செய்வாள்?

வலிக்கிறதா என்று கேட்டீர்கள். கை பரவாயில்லை, மடக்கும்போது மட்டும் சுருக்கென்கிறது. கழுத்துக் காயம் ஆறிவிட்டது. வலிக்கிறது வேறு இடத்தில். யாரும் கேட்காததால் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன்.

அவன் தண்ணீரைக் குடித்தான் அக்கா. எல்லோரும் நான் சொம்பை நீட்டியதும் கொடியைப் பறித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. சொம்பை வாங்கி, அண்ணாந்து, நிதானமாகக் குடித்தான். பாதி குடித்துவிட்டு, "இன்னுங்கொஞ்சம் இருக்குங்களா?" என்று கேட்கிற மாதிரிகூட ஒரு பார்வை பார்த்தான். முழுக்கக் குடித்து முடித்து, "நல்லாருங்க அம்மணி," என்று சொன்னான். சொல்லிக்கொண்டே சொம்பை என்னிடம் நீட்டினான். நான் வாங்கக் குனிந்தபோதுதான் கை வைத்தான்.

அவனுக்கு நிஜமாகவே தாகம் இருந்தது. அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. பொய்யாகக் கேட்டிருந்தால் ஏமாந்தேன் என்று விட்டிருப்பேன். நான் தாகத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேலே அவன் மனதில் இருந்ததைப் பார்க்க எனக்குக் கண் இல்லை. யாருக்குமே இருக்காது. கேட்டைப் பூட்டி வைக்காதது என் கவனக்குறைவு என்றால் ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் கொடுத்ததை மட்டும் தப்பென்று ஒத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். அதையும் விட்டுக்கொடுத்தால் கொடியோடு சேர்த்து அதையும் அவனே எடுத்துக்கொண்டு போன மாதிரி ஆகிவிடும்.

கல்யாணத்தைப் பற்றி என்னைக் கட்டாயப்படுத்தாதீர்கள். உங்கள்மேல் இப்போது கோபம் இல்லை. ஆனாலும் பின்வரிசையில் ஒளிந்து உட்கார்ந்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

கனகம்

*

அவிநாசி,
21.5.2025

கனகத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அழுது முடித்து முகம் கழுவி, மாமாவைக் கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினேன்.

முதலில் அந்தப் பெரியத்தையிடம் பழத்தட்டை வைத்து மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனுஷி. "நீங்க தொறக்காததும் நல்லதுதானுங்க. என்ர கழுத்துலயும் தொங்குதில்ல, நானும் இனிமே தொறக்கறதில்லை," என்று சொல்லிச் சிரித்தார். "என்ன ஒண்ணு, சன்னலை அத்தன வேகமாச் சாத்தியிருக்க வேண்டாமுங்க," என்றார்.

சம்பந்தியம்மா காபி கொடுத்துவிட்டு மறுபடியும் உன் பேச்சை எடுத்தார். முன்னுக்கு நிற்பது, பின்னுக்கு நிற்பது. எனக்குள் என்ன வந்ததோ தெரியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணி குடுத்ததுக்கு என்ர தங்கச்சியப் பின்னால நிக்கச் சொல்றீங்க. குடுக்காததுக்கு என்னைய வெய்யறீங்க. ரெண்டுல எதைச் செய்யோணும்னு நீங்களே சொல்லிப்போடுங்க, இனிமே அப்பிடியே நடந்துக்கறோமுங்க," என்றேன். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது, கல்யாணம் நின்றுவிடுமோ என்று.

பெரியத்தைதான் பேசினார். "அந்தப் பொண்ணு இருந்த ஊடா இருந்தா எனக்குத் தண்ணி கெடைச்சிருக்குமில்ல?" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை. கிளம்பும்போது சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து, "உங்க தங்கச்சிகிட்ட நான் கேட்டதாச் சொல்லுங்க," என்றார். அந்த அளவுக்கு அவருக்கு வந்தது. போதும்.

பஸ்ஸில் சண்டை போட்ட வாய்க்காரி உனக்காக ஒரு வரி பேசவில்லை என்று எழுதியிருந்தாய். இப்போது பேசிவிட்டேன். தாமதம்தான்.

இனி நான் கேட்பதைக் கேள். உன்னை மேடையில் முன்னாலும் நிற்கச் சொல்லவில்லை, பின்னாலும் நிற்கச் சொல்லவில்லை. மண்டப வாசலில் பன்னீரும் சந்தனமும் கற்கண்டும் வைத்து வருகிறவர்களை வரவேற்க ஒருத்தி வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேரை நமக்கு யாரென்றே தெரியாது. மாமாவின் கடை ஆட்கள், அவர்கள் பக்கத்து ஜனம், நவ்யா ஆபீஸ்காரர்கள். என்னை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும், ஒவ்வொருத்தரிடமும் ஆதார் கார்டு கேட்பேன். யாரென்று கேட்காமல், "வாங்க, உள்ள வாங்க," என்று சொல்லத் தெரிந்தவள் நம் குடும்பத்தில் நீ ஒருத்திதான். கேமரா இருக்கிறது, செக்யூரிட்டி இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறது. சந்தேகப்படுகிற வேலையை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உன் வேலையை நீ பார்.

பெண்ணைப் பெற்றவளாகக் கேட்கிறேன். வருவாயா?

அக்கா

*

பெரியநாயக்கன்பாளையம்,
26.5.2025

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் இந்தத் தடவை செம்பருத்திக்குள் விழவில்லை. தபால்காரர் பெல் அடித்தார். கேமராவில் பார்த்தேன், அவர்தான். தெருவில் வேறு யாரும் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். சாவியை எடுத்துப் போய்க் கேட்டைத் திறந்து கையில் வாங்கினேன். "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும், இந்தத் தெருவில் யாருக்குத் தெரியாது? ஆனால் வேறொன்றும் கேட்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். நீட்டும்போது பாதி அவர் சட்டைமேல் சிந்திவிட்டது. "வெயிலுக்கு நல்லதுதானுங்க," என்று சொல்லிவிட்டு மீதியைக் குடித்தார். காலிச் சொம்பை என் கையில் கொடுக்காமல் கேட்டோரத் திண்டுமேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார். அவராகவே யோசித்து அப்படிச் செய்திருக்கிறார். கேட்டைப் பூட்டிவிட்டு வந்து வெகுநேரம் அழுதேன்.

அப்புறம்தான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன்.

முந்தின நாளே வந்துவிடுகிறேன். இவர் புதுக்கொடி செய்து போட்டுக்கொண்டு போகலாம் என்கிறார். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மஞ்சள் கயிற்றோடுதான் வாசலில் நிற்பேன், சேலையால் மூடிக்கொள்ளவும் மாட்டேன். எதற்குத் திறந்தாய் என்று யாராவது கேட்டால், "சந்தனம் எடுத்துக்கங்க, பந்தி ஆரம்பிச்சாச்சு, உள்ள வாங்க," என்று சொல்லுவேன்.

வாசலில் ஒரு பெரிய பானையில் தண்ணீரும் வைக்கச் சொல்லுங்கள். வைகாசி வெயில் கொஞ்சநஞ்சமா?

வாரேன்.

கனகம்